கிளாடிஸ் இறங்காமல் இருந்த எட்டு மாதம்

தருவைமங்கலம் ரயில்வே மேம்பாலத்தின் நட்டநடு முதுகில், மாசி மாதத்து ஒரு சாயங்கால வெயிலில், பீடி சுற்றும் ஞானப்பூவின் மகள் கிளாடிஸ் சைக்கிளோடு எம்பினாள். எம்பியவள் ஐப்பசி வரைக்கும் இறங்கவில்லை. அந்த எட்டு மாதமும் அவள் தலைக்கு மேலே ஆகாயம் இருந்தது, சக்கரத்துக்குக் கீழே ஒன்றரை ஆள் உயரத்துக்குக் காற்று இருந்தது, அதற்கும் கீழே பாலம் இருந்தது, பாலத்துக்கும் கீழே ரயில்வே கேட்டடியில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு நான் இருந்தேன். என் பேர் மாடக்கண்ணு. ஊருக்குள் வந்து விசாரித்தால், "எந்த மாடக்கண்ணு, புளுகு மாடக்கண்ணா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். கன்னியாகுமரி ரயிலை ஒரு தடவை நான் தும்மி நிறுத்தியதையும், அணையில் என் வெற்றிலைப் பெட்டியை விழுங்கிய மீன் மறுவருஷம் வாய் சிவந்து பிடிபட்டதையும் சொல்லிச் சொல்லி வாங்கிய பேர் அது. கேட்டு மூடியிருக்கும் இருபது நிமிஷத்துக்கு ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டும், எனக்கு வெள்ளரி போக வேண்டும்.

பாலம் கட்டி முடித்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தார் போட்டாயிற்று, வெள்ளைக் கோடு போட்டாயிற்று, விளக்குக் கம்பம் நட்டாயிற்று, கல்வெட்டு வைத்து அதை மஞ்சள் துணியால் மூடியாயிற்று, மூடிய துணி வெயிலில் வெளுத்து வெள்ளைத் துணியும் ஆகியாயிற்று. திறந்துவைக்க வேண்டிய பெரிய மனுஷருக்குத் தேதிதான் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு முனையிலும் தகரத் தடுப்பு வைத்து மூடிக் கிடந்த அந்தப் பாலத்தின் கீழே, பஸ்ஸும் லாரியும் மாட்டு வண்டியும் பழையபடி கேட்டடியில் நின்றன, நின்றவர்கள் வெள்ளரி தின்றார்கள், நுங்கு தின்றார்கள், என் பொய்யைத் தின்றார்கள்.

மேலே அந்தக் காலிப் பாலத்தில்தான் ரூபனும் அவன் சேக்காளிகள் நாலைந்து பேரும் சைக்கிள் வித்தை பழகினார்கள். ரூபன் கிரில் பட்டறையில் வெல்டர். இருபத்தைந்து வயசு, ஒல்லி, பழைய சைக்கிளை அறுத்து ஒட்டிக் குட்டையாக்கி, சீட்டை இறக்கி, பின் சக்கர அச்சில் கால் வைக்க இரும்புக் குழாய் பற்றவைத்து, ஆளுக்கொரு வண்டி செய்துகொடுத்திருந்தான். வித்தை சொல்லிக்கொடுக்க ஊரில் யாரும் இல்லை. அவனுடைய போன்தான் வாத்தியார். ஆனால் தருவைமங்கலத்தில் நெட்டு வருவது எப்படியென்றால், வெளிநாட்டுக்காரன் சைக்கிளில் குனிவான், இடுப்பைப் பின்னால் தள்ளுவான், முன் சக்கரத்தைத் தூக்குவான், இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும், அந்த இடத்தில் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். எத்தனை தடவை போட்டாலும் அந்த இடத்தில்தான் நிற்கும். அப்படியாக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எம்புவது எப்படி என்று அணு அணுவாகப் படித்தார்கள். அவன் எப்படி இறங்கினான் என்பதை ஒருவரும் பார்த்ததில்லை.

கிளாடிஸ் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த பிள்ளை. கொடுத்ததைக் கொடுத்தபடி நகல் எடுத்துப் பழகியவள், சொன்னதைச் சொன்னபடி செய்வாள். கடை விட்டு வரும் வழியில் ஒரு நாள் தடுப்புக்குள் நுழைந்து வேடிக்கை பார்த்தாள், மறுநாள் வண்டியைக் கேட்டாள், அதற்கு அடுத்த நாள் முழங்கை தோலுரிந்து வீட்டுக்குப் போனாள். ரயில் இல்லாத நேரத்தில் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, அவர்கள் விழுவதைப் பார்த்துக் கருத்துச் சொல்வேன்.

"கையால தூக்காத பிள்ளே," என்று கத்துவான் ரூபன். "கையால தூக்குனா கைதான் வலிக்கும், வண்டி எந்திரிக்காது. குத்தவச்ச மாதிரி ஒக்காந்து, இடுப்பப் பின்னால தள்ளி, அப்புறம் இழு."

"பின்னால தள்ளுனா மல்லாக்க விழுந்துருவேம்லா?"

"விழு. விழுந்து பழகு. வண்டிய விட்டுட்டு ரெண்டு காலும் தரையில வாற மாதிரி விழு. அந்தப் பயம் போற வரைக்கும் வேற ஒண்ணும் கெடையாது."

பத்து நாள் அவள் விழுவதற்கு மட்டும் பழகினாள். அப்புறம் முன் சக்கரம் எழும்பியது, பின் சக்கரம் எழும்பவில்லை. "காலு வெரப்பா இருக்கு, மடக்கு, பாதத்தக் கீழ சாய்ச்சு, பெடலப் பின்னால வழிச்சு எடு, சட்டியில மாவு வழிக்க மாதிரி" என்றான். அவள் வழித்தாள், பின் சக்கரமும் எழும்பியது, ஆனால் அரைச் செங்கல் உயரத்துக்கு மேலே போகவில்லை. நான் பனங்கிழங்குக் கட்டு ஒன்றைக் குறுக்கே வைத்து, "தாண்டுனா ஒனக்கு, சட்னியாக்குனா ஒங்கம்மாட்ட காசு வாங்குவேன்" என்றேன். சட்னியாக்கினாள்.

"ஏன் தெரியுமா?" என்றான் ரூபன். "எம்பும்போது நீ முன் வீலப் பாக்க. கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போவும். கீழ பாத்தா கீழதான் கெடக்கும். அந்தா தண்ணித் தொட்டி தெரியுதுல்லா, அதுக்க உச்சியப் பாரு. என்ன ஆனாலும் கீழ பாக்காத."

மற்றவர்களுக்கும் இதையேதான் சொன்னான். அவர்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, காற்றில் எழும்பிய கண நேரத்தில் பயந்துபோய்க் கீழே பார்த்தார்கள், பார்த்ததால் இறங்கினார்கள். கிளாடிஸ் ஒருத்திதான் அந்தப் பயத்தை மெனக்கெட்டு வென்றவள். சுண்ணாம்பு அடித்த அந்தத் தொட்டியின் உச்சியை அவள் பார்க்கிற பார்வையில், தொட்டிக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அப்படியிருக்கையில் பெரிய மனுஷருக்குத் தேதி கிடைத்துவிட்டது. நாளைக் காலையில் திறப்பு விழா, பந்தல்கால் வந்து இறங்கிவிட்டது, நாளையிலிருந்து பாலத்தில் லாரி ஓடும், வித்தைக்கு இடம் இல்லை என்று ஆனபோது, கிளாடிஸ் பாலத்து முதுகில் ஒரு சிமெண்டுக் கட்டையை இழுத்துப் போட்டாள். "இதையும் ஒரு தடவை தாண்டிட்டா எனக்குப் போதும்" என்றாள். தூரத்திலிருந்து மிதித்து வந்தாள், குத்தவைத்தாள், இடுப்பைத் தள்ளினாள், இழுத்தாள், வழித்தாள், உச்சியைப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை. அவ்வளவு பிழை இல்லாத எம்பலை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கட்டையைத் தாண்டியது, கைப்பிடிச் சுவர் உயரத்தைத் தாண்டியது, ஒன்றரை ஆள் உயரத்துக்குப் போய், சுவரில் ஆணி அடித்து மாட்டிய படம் மாதிரி நின்றது.

ரூபன் கை தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எறங்கு" என்றான்.

"எப்படி?" என்று கேட்டாள் கிளாடிஸ்.

ரூபன் போனை எடுத்துப் பார்த்தான். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டார்கள். ஏறியவர் எத்தனை படி ஏறினாலும் அவள் இரண்டு படி மேலேயே இருந்தாள், அவர் இறங்கியதும் பழைய உயரத்துக்கே வந்தாள். கயிறு எறிந்து கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்து, இது பாலத்தின் குறையல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பெண் பிள்ளை தலைக்கு மேலே தொங்கும்போது அதன் கீழே நின்று பெரிய மனுஷர் ரிப்பன் வெட்டுவது அழகல்ல என்று பந்தலைப் பிரித்தார்கள், ரிப்பனைச் சுருட்டினார்கள், தகரத் தடுப்பைத் திரும்ப வைத்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஊரே சாப்பிடப் போயிருந்த நேரம், நான் மேலே போய், "பிள்ளே, பிடி" என்று ஒரு வெள்ளரிப்பிஞ்சை எறிந்தேன். கை தவறிப்போயிற்று. விழுந்த வெள்ளரியை அவள் கண் தன்னை மறந்து ஒரு நொடி கீழே தொடர்ந்தது. தொடர்ந்த அந்த நொடியில், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, அலுங்காமல் குலுங்காமல், சைக்கிள் ஒரு சாண் இறங்கியது. விளக்குக் கம்பத்தின் பெயிண்டுக் கோட்டை அடையாளம் வைத்து நான் பார்த்தேன். அவளோ அலறி, மறுபடி தொட்டி உச்சியைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

"தாத்தா, கீழ பாத்தேன், விழப் பாத்தேன்!"

விழவில்லை. இறங்கினாள். மேலேயிருந்து அவளுக்கு விழுவது மாதிரி இருந்தது, கீழேயிருந்து எனக்கு இறங்குவது தெரிந்தது. இந்த உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கேட்டடியில் மணி அடித்தது. கேட்கீப்பர் பரமசிவம், "என்னவே மாடக்கண்ணு, யாவாரம் வேண்டாமா?" என்று கீழேயிருந்து கூப்பிட்டான். நாலு பஸ்ஸும் கல்யாண வேனும் வந்து நின்றிருந்தன. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் இறங்கினால் பாலம் திறக்கும், பாலம் திறந்தால் கேட்டை அடைத்துப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் யார் நிற்பார்கள், யார் தின்பார்கள், யார் என் கதையைக் கேட்பார்கள்? வெள்ளரி முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளரி முடிந்தது, நுங்கு முடியட்டும் என்று நினைத்தேன்.

அதோடு விட்டேனா? ரூபன் ஒரு நாள் வந்து, "தாத்தா, ஒரு தடவ கீழ பாக்கச் சொல்லிப் பாத்தா என்ன?" என்று மெதுவாகக் கேட்டான். "விழுந்து மண்ட ஒடஞ்சா நீயாலே பொறுப்பு? கீழ பாத்தா விழுந்துருவேன்னு அவளே சொல்லுதாள்லா?" என்று எகிறினேன். அவன் முகம் செத்துப்போய்த் திரும்பினான். மறுநாள் பெயிண்டர் ஒருவரைப் பிடித்து, ஒரு தகரத்தில் சிவப்பு எழுத்தில் 'கீழே பார்க்காதே' என்று எழுதவைத்து, விளக்குக் கம்பத்தில் அவள் கண் மட்டத்துக்குக் கட்டச் செய்தேன். மாடக்கண்ணுவுக்கு இவ்வளவு இரக்கமா என்று ஊர் என்னை மெச்சியது.

ஊர் அவளைத் தனக்குப் பழக்கிக்கொண்டது. முதல் மாதம் அண்ணாந்து பார்த்தார்கள், இரண்டாம் மாதம் அண்ணாந்து பேசினார்கள், மூன்றாம் மாதம் அண்ணாந்து பார்க்காமலே பேசினார்கள். வழி கேட்டால் 'கிளாடிசுக்கு வடக்கே ரெண்டாவது தெரு' என்றார்கள். அவள் நிழல் கைப்பிடிச் சுவரைத் தொட்டால் பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று கண்டுகொண்டார்கள். திடுக்கிட்டு அழும் கைக்குழந்தைகளை அவள் சக்கரத்துக்குக் கீழே மூன்று தடவை கொண்டுபோனால் பயம் தெளிகிறது என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஆனியில் கணக்கெடுக்க வந்த அம்மாள், 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, 'மேம்பாலம், மேல்' என்று எழுதிக்கொண்டு போனாள். பாவூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தட்டோடும் பூவோடும் தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், ஆனால் எங்கள் வீட்டு வாசல் உயரம் பற்றாதே என்று இறங்கிப் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு ஆள் போட்டுக்கொண்டார். ஆடிக் காற்றில் அவள் சக்கரம் தானாகச் சுழன்று எழுப்பிய கிடுகிடுச் சத்தத்துக்குக் கேட்டடியில் நின்ற டிரைவர்கள் சுகமாகக் கண் அசந்தார்கள்.

ஞானப்பூ தினமும் காலையில் சோற்றுத் தூக்கையும், பீடி இலையும் தூளும் வைத்த சொளவு முறத்தையும் கொண்டுவந்து, மகள் இறக்கிவிடும் கயிற்றில் கட்டுவாள். கிளாடிஸ் பார்க்காமலே இழுப்பாள், பார்க்காமலே தின்பாள், மடியில் சொளவை வைத்துத் தொட்டி உச்சியைப் பார்த்தபடியே விரலால் தடவித் தடவிப் பீடி சுற்றி, சாயங்காலம் பார்க்காமலே இறக்குவாள். தாயும் மகளும் மேலும் கீழுமாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் மகள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் கீழே பார்க்க வேண்டும். கீழே பார்க்கக் கூடாதென்று கண் மட்டத்தில் சிவப்பில் எழுதியிருந்தது.

சித்திரையில் ஒரு நாள் ஞானப்பூ கேட்டடிக்கு என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஊரு ஒலகத்துல தெரியாதது கெடையாது. எம்புள்ள எறங்க ஒரு வழி சொல்லுங்க."

ரயில் வருகிற நேரம். வண்டிகள் வரிசை கட்டிக்கொண்டிருந்தன. அவளை அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வாயில் வந்ததைச் சொன்னேன்: "ரங்கூன்ல ஒரு கொத்தன் இப்படித்தான் அந்தரத்துல நின்னுட்டான். அவன் ஆத்தா எதுத்த மரத்துல ஏறி, மகன் கண்ணுக்கு நேரா தன் கண்ண வச்சு, நாப்பது நாள் விடாம பாத்தா. நாப்பதாம் நாள் பஞ்சு மாதிரி எறங்கிட்டான்."

"நாப்பது நாளா?" என்றாள் ஞானப்பூ. "ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் மாதிரி." அவள் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆகிவிட்டது. நான் வெள்ளரிக்குக் கூவப் போய்விட்டேன்.

முப்பது வருஷம் சப்பணம் போட்டு உட்கார்ந்து பீடி சுற்றிய முழங்கால் அது. தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படி நூற்றுப் பதினாறு. அன்று சாயங்காலமே அவள் ஏறினாள். ஒரு சுற்று மறைவாள், ஒரு சுற்று தெரிவாள், மறைவாள், தெரிவாள், உச்சிக்குப் போய் மகள் கண்ணுக்கு நேராக நின்று முந்தானையை ஆட்டுவாள். கிளாடிஸ் பாலத்துக்கு மேலேயிருந்து, "எம்மா! ஏன் இப்படி மெலிஞ்சு போன?" என்று சத்தம் போட்டது கேட்டடி வரைக்கும் கேட்டது. இரண்டு மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

போகும்போதும் வரும்போதும் ஞானப்பூ எனக்குக் கணக்குச் சொல்வாள். "அண்ணாச்சி, இன்னைக்குப் பதினொண்ணு." "அண்ணாச்சி, முப்பத்தி ரெண்டு." நாற்பதாம் நாள் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய் நின்றாள். மகள் இறங்கவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "எம்மேலதான் தப்பு, அண்ணாச்சி. பதினேழாம் நாள் காய்ச்சல்ல கெடந்து, பொழுது அடைஞ்சப்புறந்தான் ஏறுனேன். எம்முகம் அவளுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. மொதல்லருந்து ஏறுதேன்" என்றாள். அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம். "மெதுவா ஏறு தாயி" என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

இரண்டாம் சுற்றும் முடிந்து, மூன்றாம் சுற்றும் முடிந்து, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நாளைத் தன் மேல் குற்றமாகக் கண்டுபிடித்து, அவள் நான்காம் சுற்றில் ஏறிக்கொண்டிருந்தபோது ஐப்பசி மழை வந்தது. படி நனைந்து கிடந்தது. பரமசிவம், "இன்னைக்கு வேண்டாம்க்கா" என்றான். "விட்டா மொதல்லருந்துல்லா ஏறணும்" என்று சொல்லிவிட்டுத் தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு போனாள். நான் கூடைக்குப் பாலித்தீன் போர்த்திக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் தெரிந்தாள். இரண்டாம் சுற்றில் தெரிந்தாள். மூன்றாம் சுற்றில் தெரியவில்லை.

வழுக்கி விழவில்லை, படியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றுபோயிருந்தது. சாக்கு மட்டும் காற்றில் கீழே வந்தது. கிளாடிஸ் தொட்டி உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இருட்டும் வரைக்கும், "எம்மா, இன்னைக்கு லேட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பாதிரியார் போய், கீழே நின்று, சொன்னார்.

கல்லறைத் தோட்டம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூட்ஸ் வண்டி ஒன்று நகராமல் நின்று கேட்டு மூடிக் கிடந்தது. மழை வலுக்கிறது என்று தகரத் தடுப்பைத் தள்ளிவிட்டுப் பாலத்தின் மேலே கொண்டுபோனார்கள். கட்டி முடித்து அந்தப் பாலத்தைக் கடந்த முதல் ஆள் ஞானப்பூதான். நடு முதுகில் மகளுக்கு நேர் கீழே பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்தார்கள். கிளாடிஸ் கயிற்றை இறக்கினாள்; யாரோ கயிற்று நுனியை எடுத்து ஞானப்பூவின் விரலில் தொடுவித்தார்கள். மேலே கிளாடிஸ் மறுநுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் ஆகாயத்தைப் பார்த்தபடி, கண்ணீர் காதுக்குள் வழிய நின்றாள். "பாக்காத மகளே, கீழ பாக்காத, அப்படியே ஜெபம் பண்ணிக்கோ" என்று ஊர் முழுக்க அழுதுகொண்டு கத்தியது. நான் கட்டவைத்த தகரம் மழையில் கழுவி, சிவப்பாக, அவள் கண் மட்டத்தில் மின்னியது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுபத்தொரு வயசில் விளக்குக் கம்பத்தில் ஏறினேன். தகரத்தைப் பிய்த்து எறிந்தேன். "கீழ பாரு பிள்ளே! விழமாட்ட! ஒங்கம்மா மொகத்தப் பாரு!" என்று கத்தினேன்.

"எறங்கும்வே, கோட்டிப்பயலே, பிள்ளையக் கொல்லப் போறீரா?" என்று என் காலைப் பிடித்து இழுத்தார்கள். ரூபன் மட்டும் இழுக்கவில்லை. அவன் பெட்டி ஓரத்தில் மண்டியிட்டு, "பாரு கிளாடிஸ். எறங்குற எடத்தப் பாரு" என்றான்.

அவள் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கழுத்தை மடக்கி, கீழே, தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க இறங்கினாள். ஒரு சாண், இரண்டு சாண், கண்ணை எடுக்காமல், முழங்கால் இளகி, தோள் இளகி, மழையோடு மழையாக இறங்கி, இரண்டு சக்கரமும் ஒருசேர, ஈரத் தாரில் சத்தமே இல்லாமல், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளித் தொட்டாள். சைக்கிளைப் போட்டுவிட்டு அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். அவ்வளவு லேசான காரியத்துக்கு அவ்வளவு நேரமே போதுமாயிருந்தது.

எல்லாம் முடிந்து, மண் போட்டு வந்த பிறகு, அவள் என்னிடம் வந்தாள். கால்கள் நடை மறந்து தத்தித் தத்தி வந்தன.

"தாத்தா, கீழ பாத்தா எறங்கலாம்னு எப்பத் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

நான் அவளைப் பார்த்தேன். "இப்பத்தான் பிள்ளே," என்றேன். "சட்டுன்னு தோணிச்சு."

அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லைன்னா எங்கம்மா மொகத்த நான் பாத்திருக்கவே மாட்டேன்."

எட்டாம் நாள் பாலம் திறந்தார்கள். கேட்டைப் பூட்டினார்கள். பரமசிவத்துக்கு வேறு ஊர் போட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு மாறினேன். அங்கே யாரும் நிற்பதில்லை, எல்லாருக்கும் ஓட்டம். கிளாடிஸ் மதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலைக்குப் போனாள், ரூபனையே கட்டிக்கொண்டாள். வருஷா வருஷம் ஐப்பசியில் அம்மாவின் நினைவு நாளுக்கு ஊருக்கு வருவாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அம்மாவின் பேரால் எனக்கு ஒரு புது வேட்டி தருவாள். போன வருஷம் வரைக்கும் ஆறு வேட்டி. ஒன்றையும் நான் உடுத்தியதில்லை. டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. மூடியைத் திறந்தால் கஞ்சி வாசம் அடிக்கிறது, மூடிவிடுகிறேன்.

இந்த வருஷம் அவள் கொண்டுவந்த ஏழாவதைக் கையில் வாங்கியபோது எனக்குத் தாங்கவில்லை. உட்காரச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். வெள்ளரி விழுந்ததை, ஒரு சாண் இறங்கியதை, கேட்டடி மணியை, தகரத்தை, ரூபனிடம் நான் எகிறியதை, ரங்கூன் கொத்தனை, ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. என் வாழ்நாளில் ஒரு சொல் கூட்டாமல் நான் சொன்ன ஒரே கதை அது.

முதலில் அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், கேட்டடியில் கேட்பது மாதிரி. அப்புறம் சிரிப்பு போயிற்று. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"தாத்தா, ரயில நிறுத்துங்க, மீன வெத்தல போட வைங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எங்கம்மாவ வச்சு மட்டும் கதை கட்டாதீங்க."

இரவல் வாங்கி வந்த சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நான் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூலை வரைக்கும் போனவள் அங்கே வண்டியை நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வண்டியைத் திருப்பினாள். நம்பிவிட்டாள், யோசித்துப் பார்த்திருக்கிறாள், நம்பிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். வந்து என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வோம், துப்பினால் துடைக்காமல் நிற்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிட்டே வந்து பிரேக் பிடித்தாள். என் இடுப்பிலிருந்த பழைய வேட்டியை, ஒட்டுப் போட்ட அதன் ஓரத்தை, தலை குனிந்து பார்த்தாள்.

"போன வருசம் தந்தத ஏன் தாத்தா உடுத்தல? நீளம் பத்தலையா?"

"ஆமா பிள்ளே," என்றேன். "நீளந்தான்."